எந்தச் சிலந்திக்கு அஞ்ச வேண்டும்?



வீட்டு மூலையில் எட்டுக்கால் பூச்சியைக் கண்டதும் விளக்குமாற்றைத் தேடுகிற தாய்மார்கள் நம்மிடையே பலர். அதே வீட்டுப் பையன், வேலியோர இலைகளில் தாவித் திரியும் சின்னஞ்சிறு சிலந்தியைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்து, பக்கத்து வீட்டுப் பையனின் சிலந்தியோடு சண்டைக்கு விட்டிருப்பான். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பல தலைமுறைப் பிள்ளைகள் ஆடிய விளையாட்டு அது. தாய்க்கு எல்லாச் சிலந்தியும் பயம். பிள்ளைக்கு எந்தச் சிலந்தியும் பயமில்லை. இருவரில் யார் சரி?

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கும் அதிகம். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நஞ்சு உண்டு. ஈயையும் கொசுவையும் கரப்பானையும் மயக்கித் தின்பதற்காக இயற்கை கொடுத்த நஞ்சு அது. மனிதனைப் படுக்கையில் தள்ளக்கூடியவை அவற்றுள் மிகச் சில. அந்தச் சிலவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அதுவரை அவன் குற்றமற்றதை அடித்துக் கொன்றான். குற்றவாளியைக் கண்டுகொள்ளாமல் விட்டான். அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். தோட்டப்புறத்தில் வாழும் குடும்பங்களுக்கு அதில் பயனுள்ள பாடம் இருக்கிறது.

கோதுமை வயலில் ஒரு நடனம்

இத்தாலி நாட்டின் தெற்கே புலியா என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே தரந்தோ என்றொரு துறைமுக நகரம். சில நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அந்த வட்டாரத்தில் கோடைக்கால அறுவடையின்போது ஒரு விசித்திரமான நோய் பரவலாகப் பேசப்பட்டது. வயலில் கூலிக்குக் கதிர் அறுக்கும் ஏழைகளில் சிலர், ஏதோ கடித்துவிட்டது என்று அலறுவார்கள். சற்று நேரத்தில் வயிறு இறுகும், உடம்பெல்லாம் வியர்க்கும், கைகால்கள் நடுங்கும், மூச்சு முட்டும்.

ஊரார் உடனே வாத்தியக்காரர்களை அழைத்து வருவார்கள். பிடிலும் கஞ்சிரா போன்ற ஒரு தோல் வாத்தியமும் முழங்கும். கடிபட்டவர் எழுந்து ஆடுவார். சில சமயம் நாள்கணக்கில் ஆடுவார். ஆடி வியர்த்தால் நஞ்சு இறங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் முன்னோர் தேள்கடிக்கு வேப்பிலை கொண்டு மந்திரித்தது போன்றதுதான் அதுவும். தரந்தெல்லா என்ற துள்ளல் நடனத்தின் பெயர் இந்த வழக்கத்தோடு பின்னிப் பிணைந்தது.

கடித்தது எது? அவ்வூர் மக்கள் கைகாட்டியது, வயலில் வளை தோண்டி வாழும் ஒரு பெரிய சிலந்தியை. உருவத்தில் பெரியது, உரோமம் அடர்ந்தது, பார்க்கவே அச்சம் தருவது. தரந்தோ நகரின் பெயரால் அதற்குத் தரந்துலா என்று பெயர் வந்தது. பிற்காலத்தில் அந்தச் சிலந்தியை ஆராய்ந்தவர்கள், அது கடித்தால் தேனீ கொட்டியதைப் போன்ற வலிதான் உண்டாகும் என்று கண்டனர். ஆளை நடுங்க வைக்கும் நஞ்சு அதனிடம் இல்லை.

அதே வயலில் இன்னொரு சிலந்தியும் இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு கறுத்த உடல். அதன்மேல் சிவப்புப் புள்ளிகள். 13 புள்ளிகள் உடையது என்ற பொருளிலேயே அதற்கு அறிவியல் பெயர் வைத்திருக்கிறார்கள். இது தாழ்வான புல்லுக்கும் கதிர்த் தாளுக்கும் இடையே வலை கட்டும். கதிரைப் பற்றி அறுக்கும் கையில்தான் கடிக்கும். வயிற்று இறுக்கமும் வியர்வையும் நடுக்கமும் இதன் நஞ்சுக்கே உரிய குறிகள். பெரிய சிலந்தி பழியைச் சுமந்தது. சிறிய சிலந்தி தப்பித்துக்கொண்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1959-இல் எர்னெஸ்டோ டி மார்ட்டினோ என்ற இத்தாலிய அறிஞர் அப்பகுதிக்குச் சென்று, அப்போதும் ஆடிக்கொண்டிருந்தவர்களைச் சந்தித்து ஆராய்ந்தார். அவர்களில் பலர் ஏழைப் பெண்கள். அவர்களைப் பெரும்பாலும் சிலந்தி கடித்திருக்கவில்லை. வறுமையும் வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரமும்தான் அப்படி வெளிப்பட்டன என்பது அவர் கண்ட முடிவு. ஆக, பழி சிலந்திமேல் விழுந்ததால் உண்மையான நோய்க்கு யாரும் மருந்து தேடவில்லை.

தன் விரலையே கொடுத்த பேராசிரியர்

அந்தச் சிறிய கறுப்புச் சிலந்தியின் உறவுக்கூட்டம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் அதற்குக் கறுப்பு விதவை என்று பெயர். பளபளக்கும் கறுத்த உடல். வயிற்றின் அடிப்பக்கத்தில் உடுக்கை வடிவில் ஒரு சிவப்புக் குறி. இது கடித்தால் ஆபத்து என்று குடியானவர்கள் சொல்லி வந்தனர். இவ்வளவு சிறிய பூச்சி ஒரு மனிதனை என்ன செய்துவிட முடியும் என்று படித்தவர்களில் பலர் சந்தேகப்பட்டனர்.

1933-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அலபாமா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் பிளேர் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத் துணிந்தார். பெண் சிலந்தி ஒன்றைத் தம் கைவிரலில் வைத்துச் சுமார் 10 விநாடிகள் கடிக்க விட்டார். வலி விரலிலிருந்து கைக்கும், கையிலிருந்து மார்புக்கும் வயிற்றுக்கும் ஏறியது. வயிற்றுத் தசை பலகைபோல் இறுகியது. அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பல நாள்கள் அவதிப்பட்ட பின்னரே தேறினார். அடுத்த ஆண்டு மருத்துவ இதழில் தம் அனுபவத்தை எழுதினார். குடியானவர் சொன்னது உண்மையே என்று மருத்துவ உலகம் அதன்பின் ஐயமின்றி ஏற்றது. பிளேர் செய்ததை வேறு யாரும் செய்து பார்க்க வேண்டியதில்லை.

கழிப்பறை இருக்கையின் அடியில்

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். கறுப்பு விதவையின் தங்கை ஒன்று அங்கே இருக்கிறது. கறுத்த முதுகில் செந்நிறப் பட்டை தீட்டியதுபோல் இருப்பதால் செம்முதுகுச் சிலந்தி என்று அதைச் சொல்லலாம். பெண் சிலந்தியே ஆபத்தானது. ஆண் மிகச் சிறியது. அதனால் மனிதனுக்குத் தீங்கு இல்லை.

முற்காலத்தில் அந்நாட்டு வீடுகளில் கழிப்பறை வெளியே தனியாக இருந்தது. நம் பழைய லயங்களிலும் அப்படித்தானே? இருட்டும் ஈக்களும் உள்ள அந்த இடம் செம்முதுகுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. இருக்கைப் பலகையின் அடியில் வலை கட்டி அமர்ந்துவிடும். வந்து உட்காருகிறவர் கடிபடுவார். 1956-க்கு முன்னர் இதனால் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் மேல் என்று பதிவுகள் கூறுகின்றன.

அந்த ஆண்டில், மெல்பர்னில் உள்ள காமன்வெல்த் சீரம் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சால் வீனர் மாற்றுமருந்தை உருவாக்கினார். சிலந்தி நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றுவார்கள். குதிரையின் உடல் அந்த நஞ்சை எதிர்க்கும் சக்தியை இரத்தத்தில் உண்டாக்கும். அந்த இரத்தத்திலிருந்து மருந்து பிரித்தெடுக்கப்படும். இந்த மருந்து வந்தபின் செம்முதுகால் மரணம் என்பது மிக அபூர்வமாகிவிட்டது. ஆயினும் மருத்துவர்கள் அத்தோடு நின்றுவிடவில்லை. வலியைத் தணிப்பதில் மாற்றுமருந்து பெரிதாக உதவவில்லை என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. வலிநிவாரணமும் மருத்துவமனைக் கண்காணிப்புமே முக்கியம் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது. வீட்டுக்குள் கழிப்பறை வந்ததும், வெளிச்சம் வந்ததும், சுத்தம் வந்ததும் மக்களைக் காத்ததில் பங்கு கொண்டவைதாம்.

பெண்ணைத் தேடியவர்களும் ஆணைக் கண்டவர்களும்

அதே ஆஸ்திரேலியாவில் இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. சிட்னி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாயகமாகக் கொண்ட புனல்வலைச் சிலந்தி அது. மண்ணில் வளை தோண்டி, வாயிலில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைப் போல வலை விரித்திருக்கும். 1877-ஆம் ஆண்டிலேயே அறிஞர்கள் இதற்குப் பெயரிட்டுவிட்டார்கள். ஆனால் அது உயிரைக் கொல்லும் என்பது 1927-இல்தான் தெரிந்தது. அவ்வாண்டு சிட்னியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இதன் கடியால் இறந்தது. அதுமுதல் 1980 வரை 13 பேர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

இங்கும் ஒரு புதிர் இருந்தது. வளைக்குள் இருக்கும் பெண் சிலந்தி பெரியது. அஞ்சத்தக்கது அதுவே என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் இறந்தவர்களைக் கடித்த சிலந்தியை அடையாளம் காண முடிந்த போதெல்லாம் அது ஆணாகவே இருந்தது. கோடையிலும் மழை நாள்களிலும் ஆண் சிலந்தி துணை தேடி வளையை விட்டு வெளியேறும். இரவெல்லாம் அலையும். விடியும்போது ஈரமான, இருண்ட இடத்தில் ஒளியும். கழற்றிப் போட்ட காலணியும், தரையில் கிடக்கும் துணியும் அதற்கு வசதியான இடங்கள். துணை தேடி அலையும் காலத்தில் பறவை, பல்லி போன்ற எதிரிகளிடமிருந்து தப்பவே ஆணின் நஞ்சு இவ்வளவு கடுமையாக அமைந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வு விளக்குகிறது. மனிதன் அதன் இரையும் இல்லை; எதிரியும் இல்லை. வழியில் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டவன்தான்.

டாக்டர் ஸ்ட்ரூவன் சதர்லண்ட் என்பவர் அதே மெல்பர்ன் ஆய்வுக்கூடத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இதற்கு மருந்து தேடினார். மனிதனையும் குரங்கையும் கொல்லும் அந்த நஞ்சு முயலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆராய்ச்சிக்கு முதலில் இது தடையாக இருந்தது. பின்னர் அதுவே வழியாயிற்று. முயலின் உடலிலிருந்தே மாற்றுமருந்து கிடைத்தது. 1981-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் சிட்னியில் கடிபட்ட ஓர் ஆடவருக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அவர் பிழைத்தார். அதற்குப்பின் இன்றுவரை புனல்வலைச் சிலந்தியால் ஒருவரும் இறந்ததாகப் பதிவில்லை.

இந்த வெற்றியில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. மருந்து செய்ய நஞ்சு வேண்டும். நஞ்சுக்குச் சிலந்தி வேண்டும். சிட்னிக்கு வடக்கே உள்ள ஊர்வனப் பூங்கா ஒன்று 1981 முதல் இந்த நஞ்சைச் சேகரித்து வருகிறது. வீட்டில் அகப்படும் சிலந்தியை மக்கள் தக்க முறையில் கண்ணாடிச் சாடியில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முன்பு பார்த்தவுடன் மிதித்தவர்கள், இன்று பார்த்து அடையாளம் கண்டு, பிறர் உயிருக்கு மருந்தாக்குகிறார்கள்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

நேயர்களே, புனல்வலைச் சிலந்தி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இல்லை. எனவே அதை எண்ணி நடுங்க வேண்டாம். பத்துமலையின் இருண்ட குகையில், வளையின் வாயிலிலிருந்து நூல்களைப் பரப்பி இரைக்குக் காத்திருக்கும் ஒரு மூடிக்கதவுச் சிலந்தி இருக்கிறது. 1923-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அது, மிகப் பழமையான சிலந்திக் குலத்தைச் சேர்ந்தது, மனிதனுக்கு ஆபத்தானதன்று. வளை ஒன்றுபோல் இருந்தாலும் குணம் வேறு.

நம் வீட்டுச் சுவரில் இரவில் ஓடும் பெரிய, தட்டையான, பழுப்புநிறச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். சில வேளை வயிற்றின் அடியில் வட்டமான வெள்ளைப் பையைச் சுமந்து செல்லும். அது அதன் முட்டைப் பை. இந்தச் சிலந்தி கரப்பான் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தொந்தரவு செய்தால் கடிக்கலாம், வலிக்கும், அவ்வளவுதான். பால்மரங்களுக்கிடையே பொன்னிற நூலில் பெரிய வலை கட்டுவதும் அப்படிப்பட்டதே. காட்டோரத்தில் மரப்பொந்திலும் மண்வளையிலும் இருக்கும் உரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்தி கடித்தால் கடும் வலியும் வீக்கமும், சிலருக்குத் தசைப்பிடிப்பும் உண்டாகும். அதைச் சீண்டக் கூடாது. பொந்துக்குள் விரலோ குச்சியோ விடக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நாம் பெயரறிந்து வைத்துக்கொள்ள வேண்டியது பழுப்பு விதவைச் சிலந்தி. கறுப்பு விதவையின் உறவான இது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காணப்படுகிறது. பட்டாணியளவு பழுப்பு உடல், கால்களில் வரிகள், அடிவயிற்றில் ஆரஞ்சு நிற உடுக்கைக் குறி. இதைவிட எளிய அடையாளம் அதன் முட்டைப் பை. ரம்புத்தான் பழத்தைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கியதுபோல், முள் முளைத்த வெளிர்நிற உருண்டையாக அது தொங்கும். நாற்காலியின் அடி, கவிழ்த்த வாளியின் விளிம்பு, பூந்தொட்டியின் ஓரம், ஓட்டாமல் நிற்கும் சைக்கிளின் மட்கார்டு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். கூச்சமுள்ள பூச்சி இது, நசுங்கினால்தான் கடிக்கும். பெரும்பாலும் கடித்த இடத்தில் வலியோடு போய்விடும். குழந்தைகளிடமும் முதியவர்களிடமும் கூடுதல் கவனம் வேண்டும்.

சிலந்திகள் கப்பல் ஏறியும் பயணம் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் செம்முதுகு 1995-இல் ஜப்பானின் ஒசாக்கா வட்டாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே புதிதாக ஒன்றைக் கண்டால் உற்று நோக்கும் பழக்கம் நல்லது.

சிலந்தி மேல் விழும் பழி நம்மிடமும் உண்டு. காலையில் எழும்போது கழுத்திலோ கன்னத்திலோ கோடு கோடாக எரிச்சலும் கொப்புளமும் இருந்தால், எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது என்போம். பல வேளைகளில் அதைச் செய்வது, ஆரஞ்சும் கறுப்புமான, எறும்பு போன்ற ஒரு மெல்லிய வண்டு. மலாய்க்காரர்கள் இதைச் செமுட் காயாப் என்பார்கள். இரவில் விளக்கை நாடி வரும். அதை உடம்பில் வைத்து நசுக்கினால் அதன் நீர் பட்டுத் தோல் வெந்துவிடும். நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை பட்டையாகக் கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். அக்கி ஒரு கிருமியால் வருவது. சிலந்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. காவி பூசிக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டிலும் வெளிக்காட்டிலும்

மூன்று நாடுகளின் கதையைக் கேட்டோம். கதிரைப் பற்றிய கை, இருக்கையின் அடிப்புறம், காலணியின் உட்புறம்: பார்க்காமல் கையையும் காலையும் வைத்த இடத்தில்தான் மனிதன் கடிபட்டான். தற்காப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும்போது பூட்ஸைத் தலைகீழாகத் தட்டிவிட்டு மாட்டுங்கள். கொடியில் இரவெல்லாம் கிடந்த துணியையும், துண்டையும், குழந்தையின் தொட்டில் சேலையையும் உதறுங்கள். கவிழ்த்து வைத்த வாளியையும் மங்கையும் எடுக்கும்போது, விளிம்புக்கு உள்ளே விரலை விடுவதற்கு முன் பாருங்கள். விறகையும் செம்பனை மட்டையையும் பழைய பலகையையும் கையுறையோடு தூக்குங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். வீட்டோரத்தில் தட்டுமுட்டுச் சாமான்களைக் குவிக்காதீர்கள். தேளும் பூரானும் பாம்பும் ஒளியும் இடங்களும் இவையே; ஒரே பழக்கம் எல்லாவற்றுக்கும் காவல்.

சிலந்தியைக் கொல்வதற்காகத் தோட்டத்து மருந்தைப் போத்தலில் கொண்டுவந்து வீட்டுக்குள் தெளிக்கவே கூடாது. எந்தச் சிலந்தியையும்விட அந்தப் போத்தல் உங்கள் குழந்தைக்கு ஆபத்தானது. நீண்ட விளக்குமாற்றால் வலையை எடுத்தாலே போதும்.

கடித்துவிட்டால் பதறாமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். வீங்கும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், சுண்ணாம்பும் புகையிலையும் வைப்பதும் வேண்டாம். வலி பரவினாலும், வயிறு இறுகினாலும், வியர்த்தாலும், வாந்தி வந்தாலும், மூச்சுத் திணறினாலும், கடிபட்டது குழந்தை என்றாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மலேசியாவில் அவசர எண் 999. சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995. பூச்சியைப் பத்திரமாகப் போத்தலில் பிடிக்கவோ படம் எடுக்கவோ முடிந்தால் உடன் கொண்டுபோங்கள். மருத்துவர் அதைப் பார்த்தால் அவர் வேலை எளிதாகும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: தாயின் எச்சரிக்கையும் வேண்டும்; பிள்ளையின் உற்றுப் பார்க்கும் கண்ணும் வேண்டும். இன்றிரவு சுவரில் ஒரு சிலந்தி ஓடினால், விளக்குமாற்றை எடுப்பதற்கு முன் பிள்ளையை அருகே அழைத்து, இது எது என்று இருவருமாக எட்ட நின்று பாருங்கள்.